மாமாவுக்கு நாளைக்கு இன்ரவியூ

நவம்பர் 12, புதன்

இதை எழுதுவது அம்மாவுக்குத் தெரியக்கூடாது.

மாமாவுக்கு நாளை பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் இன்ரவியூ. ஊரில் அவர் போராளியாக இருந்தது வெளியே தெரிந்தால் இந்த நாட்டிலிருந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அம்மா பயப்படுகிறார். அதனால் பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் மனேஜராக நடித்து அவரிடம் கேள்விகள் கேட்டேன். போராளியாக இருந்த அத்தனை வருடமும் லொறி ஓட்டியதாகச் சொல்லப் பழக்கினேன். உடனே பிடித்துக்கொண்டார்.

"மனேஜர், வந்தவனுக்குக் குடிக்க ஒரு ரீ தரமாட்டியளோ?" என்று பகிடியும் விட்டார்.

பிறகு, அவருக்குக் கீழே யாராவது வேலை செய்தார்களா என்று கேட்டேன்.

"ஓம். உன்ர வயசுப் பிள்ளையள்."

அம்மா சமையலறையில் குழாயை மூடியது கேட்டது.

"மாமா, ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லுங்கோ."

"அதை மட்டும் கேக்காதை பிள்ளை. என்னை நம்பி வந்தவையள். இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுவன்?"

நான் அவசரமாக அடுத்த கேள்விக்குப் போனேன்.

நாளைக்கு அந்த மனேஜரும் இதைக் கேட்டால் என்ன செய்வது? எனக்கு நித்திரை வரவில்லை. அந்தப் பிள்ளைகள் இப்போது எங்கே என்று பின்னேரமே கேட்க வாயெடுத்தேன். ஆனால் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாமா உண்மையைச் சொல்லியிருப்பார்.