பறி கடித்த பல்லும் இருபத்திரண்டு மணி நேரமும்

ஐப்பசி 9, வெள்ளி

விடியும் முன்பே மழை. ஏரி கலங்கிக் கிடக்கிறது. பல்லை நேராக்கும் பிளாஸ்டிக் உறையில் பதினான்காவது, ஏழாம் நாள்.

நேற்று கழற்றியது: காலை 20 நிமிடம், மதியம் 35, டீ 10, ராத்திரி 30. போட்டிருந்தது 22 மணி 25 நிமிடம்.

மறக்கக்கூடாதது. பச்சைத் தண்ணீரில் மட்டும் கழுவணும், வெந்நீர் பட்டால் நெளிந்துவிடும். கழற்றினால் நேராக டப்பாவுக்குள். இலை ஓரத்தில் வைக்கவே கூடாது. (மூன்றாவது உறை கோயில் சாப்பாட்டு இலையோடு குப்பைக்குப் போனது.) பல் தேய்க்காமல் மாட்டினால் மஞ்சள் ஏறும். பழைய உறையைத் தூக்கிப் போடாதே.

வெள்ளி விரதம் நல்லது. ஒரு வேளை சாப்பாடு இல்லை, உறைக்கு அரை மணி லாபம்.

அம்மனிடம் இன்றும் அதையேதான் கேட்டேன். 18ஆம் தேதி ஞாயிறு, சகுந்தலா மகளுக்கு வளைகாப்பு. அன்று நான் வாய் நிறையச் சிரிக்கணும். சகுந்தலா பார்க்கணும்.

ஐப்பசி 10, சனி

மழை விடவில்லை. பீரோ துடைத்தேன். ஆல்பம் கையில் அகப்பட்டது.

சகுந்தலா என் வீட்டுக்காரரின் அண்ணி. மூன்று வருடம் முன்பு, அவள் மகள் கல்யாணத்தில், போட்டோவுக்கு நிற்கும்போது எல்லார் முன்னாலும் சொன்னாள்: "நீ வாய மூடிக்கினு நில்லு தேவகி. பறிப் பல்லு முன்னாடி வந்து நிக்குது." போட்டோக்காரர்கூடச் சிரித்தார். ஆல்பத்தில் முப்பத்தோரு படத்தில் இருக்கிறேன். அத்தனையிலும் முந்தானை வாயில்.

அவள் பிறந்த வீட்டில் படகு. எங்களுக்குக் கையும் பறியும்தான். பத்து வயதிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றில் இறால் தடவினேன். இரண்டு கையும் வேலையில். பிடித்த இறாலைப் போடும் பனையோலைப் பறியின் கயிறு பல்லில். பதினைந்து வருடம் கடித்த பல் முன்னால் வராமல் என்ன செய்யும்? அந்தப் பல்தான் என் தம்பியைப் படிக்க வைத்தது.

மகள் கல்பனா பொன்னேரி பல் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த அன்றே கேட்டேன், இதற்கு வழி உண்டா என்று. உண்டு, ஆனால் உறையை ஒரு நாளைக்கு இருபத்திரண்டு மணி நேரம் போடணும் என்றாள். என் ஆத்திரம் இருபத்து நான்கு மணி நேரமும் இருக்கிறது. இது என்ன பெரிசு.

ஐப்பசி 13, செவ்வாய்

காலையில் சகுந்தலா போன். மசக்கைக்காரிக்குக் கையால் பிடித்த இறால்தான் வேணுமாம். நீ கை வைத்தால் வருமே, நீயே போயேன் என்றாள். மாசமான பெண் கேட்டதை மறுக்க மனசு வரவில்லை.

இருபது வருடம் கழித்து ஏரியில் இறங்கினேன், பக்கத்து வீட்டு வள்ளியோடு. முதல் இறால் கையில் துள்ளியதும் எல்லாம் பழையபடி. பறிக் கயிறு தானாகப் பல்லுக்குப் போனது. உறை போட்டிருக்கும் நினைப்பே இல்லை.

பட் என்று சத்தம். தலைக்குள்.

மேல் உறை முன்பக்கம் பிளந்துவிட்டது. வள்ளி பதறிவிட்டாள். "இன்னாமே, பல்லு போச்சா?"

"பல்லு இல்ல வள்ளி. ஞாயித்துக்கிழமை போச்சு."

இறால் ஒன்றரை கிலோ. கொடுத்தனுப்பினேன். சின்னதாக இருக்கிறது என்றாளாம் சகுந்தலா. எழுதி வைக்கிறேன்.

இப்போதைக்கு பதிமூன்றாவது உறை. தூக்கிப் போடாதது நல்லதாச்சு.

ஐப்பசி 14, புதன்

பொன்னேரி. பஸ்ஸில் இடமில்லை.

டாக்டரம்மா திட்டவில்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போட்டீர்கள் என்று கேட்டார். நோட்டைக் கொடுத்தேன். புரட்டினார். பல்லைப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார். நோட்டு பொய் சொல்லவில்லை, பதினைந்தாவதை இன்றே மாட்டலாம் என்றார்.

உயிர் போகிற வலி. உறை பல்லில் உட்கார, கடிக்கக் கொடுத்த ரப்பரை பழவேற்காடு வரை கடித்தபடியே வந்தேன். ஒவ்வொரு கடிக்கும் ஒரே பெயர்.

ஐப்பசி 18, ஞாயிறு

வெயில். கிளிப்பச்சைப் புடவை. போட்டோவுக்கு முன் உறையைக் கழற்றி டப்பாவில் வைத்தேன். 12 நிமிடம்.

அதே போட்டோக்காரர். அடையாளம் தெரியவில்லை அவருக்கு. நடுவில் வந்து நில்லுங்கள் அக்கா என்றார். நின்றேன். சிரித்தேன். சகுந்தலா ஓரத்தில். வெற்றிலைக் கறை ஏறிய கோணல் பல், வாய் திறக்கவில்லை. ஆனாலும் எனக்குப் போதவில்லை.

கை கழுவும் இடத்தில் முழங்கையைப் பிடித்தாள். "இன்னாடி பண்ண? எனக்கும் சொல்லேன். யார் கிட்டயும் சொல்லிக்காத."

ராத்திரி மட்டும் போட்டால் போதும் என்று சொல்லிவிட வாய் வரை வந்தது. பணமும் போகும், பல்லும் அப்படியே நிற்கும். ஆனால் நெற்றியில் அம்மன் குங்குமம். பொய் வரவில்லை. அப்புறம்தான் உறைத்தது, அவளுக்கு உண்மையே போதும் என்று. ஒரு நாளைக்கு ஆறு டீ, ஓயாத வெற்றிலை, மடியில் வேர்க்கடலை. அத்தனை விதியும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

"தினம் ஒருத்தர் கணக்கு கேக்கணும்க்கா. நானே கேக்கறேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

கார்த்திகை 24, திங்கள்

தூறல். கருவாடு உள்ளே எடுத்து வைத்தாச்சு. சகுந்தலாவுக்கு சனிக்கிழமை உறை வந்தது. நோட்டில் புதுப் பக்கம், பிள்ளையார் சுழியோடு.

விளக்கேற்றிவிட்டு ஆறு மணிக்குப் போன் போட்டேன். நேற்று எவ்வளவு நேரம் என்றேன். இருபத்திரண்டு என்றாள். டீ எத்தனை என்றேன். இரண்டு. அப்புறம் நான்கு. வெற்றிலை என்றேன்.

"ஒரே ஒரு வாய்தாண்டி, தேவகி." ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் கழற்றி வைத்தாள் என்று கேட்டுக் கூட்டினேன்.

சகுந்தலா. முதல் உறை, முதல் நாள்: 11 மணி நேரம்.

சிவப்புப் பேனா வாங்கணும்.