லிஸ்பன் கல்தெருவுக்கு அம்மா நடந்த நடை

முத்துமாரி துணை

அன்புள்ள துர்கா அக்காவுக்கு,

லிஸ்பனில் உன் தெருவை வீடியோ எடுத்து அனுப்பினாயே, அதில் என் கண்ணில் முதலில் பட்டது கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் முளைத்திருந்த புல். இங்கன அம்மா, அய்யா, நான், ரெண்டு ஆடு எல்லாரும் சுகம், நீயும் அத்தானும் வயிற்றுப் பிள்ளையும் அதுபோலவே இருக்க வேண்டும். பேறுகாலப் பொடி அனுப்புகிற பெட்டியில் அதைத் தின்னும் முறையை எழுதி வைக்கச் சொன்னது அம்மா. பிள்ளை பிறந்து மூன்றாம் நாளிலிருந்து, காலையில், நெல்லிக்காய் அளவு, நல்லெண்ணெயில் குழைத்து. முறை முடிந்தது. இனி எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. விசா வருகிறவரை போனில் மூச்சு விடாதே என்றுதான் சொன்னது, கடிதத்தில் எழுதாதே என்று சொல்லவில்லை. அக்கா, அம்மா வருது.

தலைப்பிரசவத்துக்கு நீ இங்கன வர முடியாது, அம்மாவும் அங்கன வரமாட்டேன் என்றதும் ஒரு வாரம் போனை அத்தானிடமே கொடுத்தாயே, எல்லாம் அந்த வீடியோ செய்த வேலை. நம்ம தெருவில் தை மாதம் ஜல்லியைப் பரப்பிவிட்டுப் போனவர்கள் தார் ஊற்ற இன்னும் வரவில்லை. அம்மா உன் தெருவைப் பார்த்துவிட்டு, பாவம், அங்கனயும் காண்ட்ராக்டர் ஓடிட்டானா என்றது. அது முடிந்த ரோடுதான், பழைய காலத்திலிருந்து அப்படித்தான், அதைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள் என்று நான் சொல்லப்போக, பயம் கூடிவிட்டது. ஏற்றம் வேறு, மழை வேறு, பிள்ளையோடு நான் வழுக்கினால் யார் பதில் சொல்றது என்று ஒரே பிடி. மத்தியானம் அம்மா தூங்கும்போது அதன் பாதத்தைப் பேப்பரில் வரைந்து வெட்டி, வழுக்காத ஷூ வாங்க நான் தனியாகப் பஸ் ஏறி கமுதிக்குப் போனேன். யாருக்கு ஷூ என்று கடைக்காரர் கேட்டார். பதிலுக்குப் பேப்பர் காலைத்தான் மேசையில் வைத்தேன். அவர் அதற்கே அளவு பார்த்துக் கொடுத்துவிட்டார்.

சேலையும் ஷூவுமாக அம்மா ஜல்லியில் இறங்கியதும் எதிர்வீட்டுச் செவ்வந்தி அத்தை, "என்ன மதினி, போலீசுல சேத்துட்டாகளா?" என்று கேட்டது. அம்மா சிரித்துச் சிரித்து ஜல்லியிலேயே உட்கார்ந்துவிட்டது. முதல் நாள் என் தோளைப் பிடித்து நாலு வீடு, மறுநாள் ரேஷன் கடைவரை. மழைக்கு என்ன செய்வது என்று அத்தையே ஜல்லியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, இப்ப நடங்க என்றது. நேற்று மூணு கிலோ மிளகாய் வத்தல் பையைப் பிள்ளை மாதிரி இடுப்பில் வைத்து, தும்மிக்கொண்டே, யாரையும் பிடிக்காமல் கண்மாய்வரை போய்வந்தது. வந்ததும் அய்யாவிடம், "மிளகாய நீங்க பாத்துக்கங்க. நான் எம் பேரப்பிள்ளையத் தூக்கப் போறேன்" என்றது.

தூறலில் வெளியே இறங்காதே, சுவரோரமாகப் போ, குதிகால் செருப்பைத் தூக்கிப் போடு, இது அம்மா சொன்னது. போனில் தெரியாத மாதிரி நடி, இது நான் சொல்வது. உன் கால் எந்தக் கல்லிலும் இடறாமல், பிள்ளை சுகமாக வந்து சேரட்டும் என்று அம்மாவும் அய்யாவும் உன் தலையைத் தொட்டுச் சொன்னதாக வைத்துக்கொள்.

அம்மாவுக்காகவும் எனக்காகவும்,
உன் தங்கை மதுமதி

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை விசா ஏஜெண்டைப் பார்க்க மதுரை போகிறோம். விண்ணப்பத்தில், ஊரில் யாரைக் கூப்பிட்டு விசாரிக்கலாம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. மிளகாய்க் காட்டில் இருந்தால் அய்யா போனே எடுக்க மாட்டார். ஆனாலும் அவர் பேரையே போடச் சொன்னது அம்மா, ஒன்பதாவதோடு நின்றவள் நீ, இங்கிலீஷில் கேட்டால் என்ன செய்வாய் என்றது. நான் என் பேரை எழுதி, என் நம்பரைப் போட்டேன்.