மஞ்சள் புள்ளி வைத்த குளவி

நிலவு, மூன்றாம் பசுங்கூடம். பகலின் 5ஆம் நாள், 09:10

மஞ்சள் புள்ளி வைத்த குளவி யாரையும் கடிப்பதில்லை. வயிற்றைக் கூட்டின்மேல் தேய்த்துக்கொண்டே நடக்கிறது. முதலில் கவனித்தது நான்தான். சொல்லவில்லை.

நான் பேச்சியம்மாள், வயது பதினாறு. குளவிகளின் முதுகில் வண்ணப்புள்ளி வைத்து, அவை செய்வதைக் குறிப்பது என் வேலை. பயிரிலுள்ள புழுக்களைத் தின்ன நிலவில் இந்த ஒரு கூடுதான். நாற்பது குளவிகள்.

09:40

ஆராய்ச்சியாளர் அருளப்பன் சார், கதவுக்கு வெளியே குடியிருப்பிலிருந்து வானொலியில்: "ஏ பேச்சி, அந்த மஞ்சப் புள்ளி என் மச்சான் மாதிரி சும்மா உக்காந்து திங்குது. குப்பியில புடிச்சுப் போடு."

அதுதான் ராணி என்று தோன்றியது. இருந்தும் பிடித்தேன்.

10:15

பச்சைப் புள்ளிக்கு வெறி. கூட்டில் உட்காரும் எல்லாவற்றையும் கடித்து விரட்டுகிறது. குளவி வெளியே போய்விடக் கூடாதென்று, ஒன்று பறந்தாலும் தானியங்கிக் கதவு திறக்காது. தினமும் இரை வைப்பேன், எல்லாம் கூட்டுக்கு வந்துவிடும், நான் வெளியேறுவேன். இன்று இரை வைத்தும் அடங்கவில்லை.

12:50

வெப்பம் 43. கதவு திறந்தால்தான் குளிர்காற்று. இருட்டினால் குளவிகள் அடங்கும். ஆனால் நிலவில் ஒரு பகல் பதினான்கு நாள்; இருட்ட இன்னும் ஒன்பது நாள்.

நான்: "சார், மஞ்சதான் ராணி."

"ஒன்பதாங்கிளாஸ்ல நின்னவ எனக்குப் பாடம் எடுக்கியா?"

என் குறிப்புகளைப் படித்துவிட்டு அவரே: "பச்சை புது ராணியாகி அடங்க ஒரு வாரம் ஆவும். மருந்தடிச்சுக் கொன்னுருதேன். மூக்கைப் பொத்திக்கோ."

"அப்போ பயிரு?"

"மொதல்ல நீ வெளிய வா."

"வேண்டாம் சார்."

14:20

வெப்பம் 47. ராணியைத் திரும்ப விடக் குப்பியைத் திறந்தேன். சூட்டில் செத்திருந்தது. அதன் வயிற்றை நசுக்கி, ராணியின் வாசனை படிய விரலால் கூட்டில் தேய்த்தேன். இரண்டு கொட்டு. பச்சை நின்றுவிட்டது. ஒவ்வொன்றாகத் திரும்பின. கூட்டுக்கு மட்டுமல்ல, என் கைக்கும்.

14:31

எழுத முடியாது, பேசிப் பதிவுசெய்கிறேன். விரல் கூட்டில் இருந்தால் கதவு திறக்கிறது. எடுத்தால் பறக்கின்றன, மூடிக்கொள்கிறது. கதவு பன்னிரண்டு அடி தூரம். தலை சுற்றுகிறது.

"நான் உள்ள வாரேன் பேச்சி."

"வராதீங்க சார், பறந்துரும். நானே கொண்டு வாரேன்."

"கூட்டையா? ஏ புள்ள, இங்க சின்னப் புள்ளைங்க இருக்கு! கொண்டு வராத!"

"கதவுகிட்ட நிக்காதீங்க சார்."

கூடு தொங்கும் காம்பைக் கிள்ளினேன். முப்பத்தொன்பதும் கையோடு இருந்தன. திறந்த கதவை நோக்கி நடந்தேன்.