மஞ்சள் பலகையும் வெள்ளிக்கிழமை வகுப்பும்

மேடம்,

இன்று மதியம் நம் அறையின் இரும்பு பீரோவைத் திறந்தேன். எனாமல் பெயிண்ட் வாசனை முகத்தில் அடித்தது. காய்ந்து எவ்வளவோ காலம் ஆன பெயிண்ட்தான். ஆனாலும் ஜன்னல் வெயில் பீரோவில் ஏறினால் இன்னமும் வாசனை விடுகிறது. வினாத்தாள் கட்டுகளுக்குப் பின்னால் உங்கள் பலகை சாய்ந்து நின்றது. எடுத்துத் துடைத்தேன். ஓர் எழுத்தில் சிவப்பு உதிர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்து வாங்க எடுத்துக்கொண்டு போகிறேன். டவுன் பஸ் இன்னும் புறப்படவில்லை. பலகை பைக்குள் முழுதாக நுழையாமல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன்.

இத்தனை வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தும் நாம் 'மேடம்' என்பதைத் தாண்டவில்லை. நீங்கள் வணிகவியல், நான் புள்ளியியல். பாப்பாரப்பட்டிப் பக்கம் உங்கள் அண்ணன்கள் விளைவிக்கும் தக்காளி ஈஸ்டர் முடிந்து எனக்கும் ஒரு பை வரும். கொடுக்கும்போது நீங்கள் எதுவும் சொல்ல மாட்டீர்கள், நானும் கேட்க மாட்டேன். அது எனக்குப் பிடித்திருந்தது.

பிடிக்காதது உங்கள் வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு. பாடப் புத்தகம் கிடையாது. வெளியிலிருந்து யாராவது ஒருவரை, உண்மையாகவே ஒரு சிக்கலில் இருப்பவரை, அழைத்து வந்து முன்னால் நாற்காலியில் உட்கார வைப்பீர்கள். மாணவர்கள் அவரைக் கேள்வி கேட்டு, அலைந்து திரிந்து, ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும். தீர்ந்ததா இல்லையா என்று சொல்லும் உரிமை அந்த நாற்காலிக்காரருக்கு மட்டுமே. மதிப்பெண் போடும் வேலையைக்கூட நீங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

அதியமான்கோட்டை நெடுஞ்சாலையில் டிபன் கடை வைத்திருக்கும் அக்காவை அழைத்து வந்தது நினைவிருக்கிறது. லாரிகள் கடையில் நிற்பதில்லை என்பது அவர் சிக்கல். பிள்ளைகள் உடனே ஆரம்பித்தார்கள். பெரிய போர்டு, ஃபோனில் ஆர்டர், மூன்று தோசைக்கு ஒன்று இலவசம். நீங்கள் சுவரில் சாய்ந்தபடி ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

"போய்ப் பாத்தீங்களா?"

யாரும் போகவில்லை. அடுத்த வாரம் போனார்கள். சாலை வேலைக்குக் கொட்டிய ஜல்லி கடைக்கு முன்னால் குவிந்து கிடந்ததாம். தூரத்திலிருந்து வருபவனுக்குக் கடை தெரியாது, தெரிந்தாலும் லாரியை ஓரம் கட்ட இடம் இல்லை. மனு எழுதினார்கள், அலைந்தார்கள். கடைசியில் அந்த அக்கா நாற்காலியில் வந்து உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்: "கல்லு அப்படியேதான் இருக்குதுங்க. இந்தப் புள்ளைங்க வந்து வந்து தின்னுட்டுப் போச்சுங்க பாருங்க, அதுதான் எனக்கு ஏவாரம்." வகுப்பே சிரித்தது. நீங்களும்தான்.

அன்று மாலை நான் கேட்டேன், "இதுல யாருக்காவது வேலை கெடைக்கும்னு ஏதாவது ஆதாரம் இருக்குதா மேடம்?"

"இல்லீங்க. ஆனா வேலைல சேந்த அன்னிக்கு யாரும் கேள்வித்தாள் குடுக்க மாட்டாங்க மேடம்."

பதில் நன்றாக இருந்தது. ஆதாரமாக இல்லை. நான் அதையும் சொன்னேன்.

பிறகு உங்கள் தொண்டையில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து குரல் இல்லாமல் திரும்பி வந்தீர்கள். கழுத்துக் குழியை ஒரு வெள்ளைத் துணி மூடியிருந்தது. பாடம் நடத்த வேண்டாம், தேர்வுப் பிரிவில் உட்காரலாம் என்று அலுவலகம் சொன்னது. கனிவாகத்தான் சொன்னார்கள். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

வெள்ளிக்கிழமை என்னைத் துணைக்குக் கூப்பிட்டீர்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். நாற்காலி காலியாக இருந்தது. நீங்கள் கரும்பலகையில் எழுதினீர்கள்: 'எனக்குக் குரல் இல்லை. இந்த வகுப்பில் இருக்க வேண்டும். வழி சொல்லுங்கள்.' எழுதிவிட்டுப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தீர்கள்.

எழுந்து வெளியே போய்விடலாமா என்று இருந்தது. நோயை வகுப்பில் விரித்து வைப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. பிள்ளைகளும் குனிந்துகொண்டார்கள். ஒருத்தி மட்டும் ஃபோனை நீட்டினாள். டைப் செய்தால் அதுவே பேசுமாம். நீங்கள் எதையோ தட்டினீர்கள். ரயில் நிலைய அறிவிப்புக் குரலில் ஃபோன் சொன்னது: "தயவு செய்து குனியாதீர்கள்." குபீரென்று சிரித்துவிட்டு, சிரித்ததற்குப் பயந்து அடங்கினார்கள். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். வேண்டாம்.

"ஸ்டாட்ஸ் மேடம் உங்களுக்குப் பதிலாப் பேசட்டுங்க மேடம்."

என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, முன்பைவிட வேகமாகத் தலையை ஆட்டினீர்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

அப்போதுதான் மாரண்டஹள்ளியிலிருந்து வரும் முனிராஜ் எழுந்தான். "மேடம், எங்ககிட்ட நீங்க அப்படி என்னாதான் பேசுனீங்க?"

"டேய், உக்கார்றா," என்று பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

"இல்லடா, நெசமாத்தான் கேக்கறேன். வருசம் பூரா, 'யாரு சொன்னா?' 'போய்ப் பாத்தீங்களா?' இது ரெண்டுதான். வேற என்னாத்தக் கேட்டாங்க, சொல்லு பாக்கலாம்."

யாருக்கும் வேறொன்று நினைவு வரவில்லை. நானும் யோசித்துப் பார்த்தேன். நீங்கள் நாற்காலியிலிருந்து எழுந்து, கையிலிருந்த சாக்பீஸை அவனிடம் நீட்டினீர்கள். தீர்ந்தது என்று அதற்கு அர்த்தம்.

அந்த இரண்டு கேள்வியையும் ஒரு பலகையில் எழுதிவிட்டால் போதும் என்று ஆனது. வகுப்பில் இருந்த கோமதியின் அப்பா அதியமான்கோட்டையில் லாரிகளுக்கு எழுத்து எழுதுபவர். அடுத்த வாரம் அவள் பலகையைக் கொண்டு வந்தாள். பிடி வைத்த பலகை, மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து, கறுப்பு நிழல், சுற்றிலும் நீலப் பூ. ஒரு பக்கம் 'யாரு சொன்னா?' மறுபக்கம் 'போய்ப் பாத்தீங்களா?' அதற்குக் கீழே, யாரும் கேட்காமலே, 'ஒலி எழுப்பவும்.'

கோமதி அதை வகுப்பில் வைத்துத்தான் கவனித்தாள். முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ மேடம்! அப்பா கைப் பழக்கத்துல எழுதிட்டாருங்க. வூட்டுக்கு எடுத்துட்டுப் போயி அழிச்சிட்டு வந்துர்றேங்க." நீங்கள் பலகையைத் தரவில்லை. துணியின் மேல் கை வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தீர்கள். சத்தமே இல்லாத அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்தப் பலகையோடு வகுப்பு நடத்தினீர்கள், நோய் திரும்பி வரும்வரை.

அடக்கத்தன்று உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் நின்றேன். எல்லோரையும் போல ஒரு பிடி மண் போட்டேன். அழுகை வரவில்லை. மறுநாள் கல்லூரிக்கு வந்து விடைத்தாள் திருத்தினேன். இன்றுவரை வரவில்லை மேடம். கை மரத்துப் போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி அவ்வப்போது உங்களை நினைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் தெரிவதில்லை.

நேற்று ஆசிரியர் கூட்டம். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பை வெளியிலிருந்து வரும் பயிற்சி நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்துவிடலாம் என்றார் முதல்வர். நுழைவுத் தேர்வுக் கணக்குகள், நேர்முகத் தேர்வில் கை குலுக்குவது, அந்த மாதிரி. நீங்கள் போன பிறகு அந்த வகுப்பை ஆளுக்கு ஒரு வாரம் என்று ஓட்டிக்கொண்டிருந்தோம். யாரும் மறுக்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்களே எத்தனையோ தடவை சொல்லியிருக்கீங்களே மேடம், அந்த க்ளாஸால பிரயோஜனம்னு ஆதாரம் எதுவும் இல்லைன்னு."

"ஆமாங்க சார். ஆதாரம் எதுவும் இல்லீங்க."

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் வாய் மேற்கொண்டு பேசியது.

"நீங்க ஒரு தடவ போய்ப் பாத்தீங்களா சார்?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். மேசையில் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"இல்லை," என்றார். "வர்ற வெள்ளிக்கிழமை வரேன். பாத்துட்டு முடிவு பண்ணலாம். க்ளாஸ் நீங்க எடுங்க."

ஆக, உங்கள் வகுப்பு இருப்பதும் போவதும் இந்த வெள்ளிக்கிழமையில் இருக்கிறது, என் கையில். அதை வேண்டும் என்று கேட்டவள் நான் இல்லை. எனக்கு இப்போதும் அதில் நம்பிக்கை வந்துவிடவில்லை. நம்புகிறேன் என்று உங்களிடம் பொய் சொல்ல முடியாது, நீங்கள் 'யாரு சொன்னா?' பக்கத்தைத் திருப்பிக் காட்டுவீர்கள்.

நாற்காலியில் உட்கார ஓர் ஆள் வேண்டும். இன்று காலை டிபன் கடை அக்காவுக்கு ஃபோன் செய்தேன்.

"கல்லா? இன்னும் அப்படியேதான் இருக்குதுங்க. செடியே மொளைச்சிருச்சு."

"அப்படின்னா வெள்ளிக்கிழமை மறுபடி வர்றீங்களா?"

"வரேன். ஆமா, நீங்க யாருங்க? அந்த மேடம் கூட்டாளியா? அவங்க வந்து நின்னு பாத்தாங்க, புள்ளைங்க வந்துச்சு. நீங்க இந்தப் பக்கம் வந்ததே இல்லியே."

வந்ததில்லை. மாணவர்கள் எழுதிய அறிக்கையில் பிழை திருத்தியதோடு என் வேலை முடிந்திருந்தது. அந்த ஜல்லிக் குவியலை நான் பார்த்ததே இல்லை மேடம்.

அதனால்தான் இந்தப் பஸ். கோமதி ஓசூரில் வேலைக்குப் போய்விட்டாள். அவள் அப்பாவின் பட்டறை டிபன் கடையிலிருந்து கொஞ்ச தூரத்தில்தானாம். உதிர்ந்த எழுத்தை மட்டும் பூசச் சொல்வேன். கீழே இருக்கும் வரியைத் தொட வேண்டாம் என்றும் சொல்வேன்.

பஸ் கிளம்பிவிட்டது. எழுத்து ஆடுகிறது. கண்டக்டர் வந்து என் பையில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையைத் தலை சாய்த்துப் படித்தார். இளவயதுக்காரர், சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"எங்கீங்க மேடம் போய்ப் பாக்கணும்?"

"அதியமான்கோட்டை, ஒண்ணு," என்றேன்.