கையோ காலோ

அன்புள்ள அப்பாவுக்கு, உங்கள் மகள் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் தோள்வலி குறைந்ததா? அம்மா வேளைக்கு மாத்திரை சாப்பிடுகிறாளா?

போன வாரம் ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்பட ஒன்றுமில்லை. கீழவை நிறைவேற்றிய தொழிலாளர் இழப்பீட்டு மசோதா, எங்கள் மேலவைக்கு வந்தது. பிழை பார்க்க என் மேசையில் வைத்தார்கள். 'கையும் காலும் இழந்தவருக்கு' இழப்பீடு என்றிருந்தது. உடனே மேலதிகாரியிடம் போனேன்.

"எழுத்துப்பிழை இல்லையேம்மா. அந்தச் சபை ஓட்டுப் போட்டு அனுப்பினது. நமக்கு எதுக்கு வம்பு?" என்றார்.

"எங்கப்பாவுக்கு மெஷின்ல போனது ஒரு கைதான் சார். இதுப்படி பார்த்தா காலும் போயிருக்கணும்."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு அவரே ஒரு பெண் உறுப்பினரிடம் என்னை அழைத்துப் போனார். அந்த அம்மா திருத்தம் கொண்டுவந்தார். மேலவை 'கையோ காலோ' என்று மாற்றி நிறைவேற்றியது. இரண்டு சபையும் ஒரே வாசகத்தை ஏற்றால்தான் சட்டமாகும் என்பதால், மசோதா கீழவைக்குத் திரும்பிப் போனது. நேற்று அங்கேயும் ஏற்றுக்கொண்டார்கள். "ஒரு சபை போதாதா, எதுக்கு ரெண்டு?" என்பீர்களே, இதற்குத்தான் அப்பா.

உங்கள் விபத்து பழையது, உங்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. இனி வருகிறவர்களுக்குக் கிடைக்கும்.

நான் அங்கே விட்டுவந்த செருப்பை அனுப்பும்போது நம்மூர்ப் பேப்பரில் சுற்றுங்கள், நான் படிக்க இரண்டு தாள் கூடுதலாக. சபை மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். பதிலை அம்மாவிடம் சொல்லி எழுத வைக்காதீர்கள். இடது கையால் நீங்களே எழுதுங்கள், கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை.

உங்கள் மகள்