தெற்குக் குட்டை இறால்

ஆரம்பாக்கம்
9.9.2025

ஜெனிக்கு,

சுகமா என்று விசாரிக்கிற மனசு இன்று இல்லை. போனில் பேசினால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவேன், அதனால் உன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் இறால் கம்பெனி வேன் ஓட்டும் மோசஸ் அண்ணன் தினமும் இந்த வழியாகத்தான் வருகிறார். அவரிடம் இதைக் கொடுக்கிறேன்.

நேற்று ரிப்போர்ட் வந்தது. எங்கள் தெற்குக் குட்டை இறாலில் தடை செய்த ஆன்டிபயாட்டிக் இருக்கிறதாம், கம்பெனி எடுக்காதாம். போன வியாழக்கிழமை நீதானே வந்து மாதிரி எடுத்துப் போனாய்? உப்பேறின அந்த இரண்டு ஏக்கரில் நெல் வராமல் குட்டை வெட்டினோம். இப்போதுதான் முதல் தடவையாக, கிலோவுக்கு முப்பதே நிற்கிற பெரிய கவுண்ட் வந்திருக்கிறது. நாங்கள் எந்த மருந்தும் போடவில்லை ஜெனி.

இவர் என்ன சொன்னார் தெரியுமா? "அவங்கம்மா நம்ம கழனில நாத்து நட்டவ. இன்னிக்கு அவ பொண்ணு நமக்குப் பெயில் போடறா." அதற்கு நான் சண்டை போட்டேன். உடனே என் பக்கம் திரும்பினார். "தீவனம் கலக்கறது நீதான? இன்னாத்தக் கொட்டின, சொல்லு." பன்னிரண்டு வருஷம் குடித்தனம் செய்தவளைக் கேட்கிற கேள்வியா இது?

என்ன நடந்தது என்று விசாரித்து எழுது.

சுமலதா

---

கவரைப்பேட்டை
10.9.2025

அன்பு சுமா,

உன் கடிதம் கிடைத்தது. வெங்கடேசன் அண்ணன் என் அம்மாவை இழுத்துப் பேசினதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உனக்குத்தான் வருத்தம் என்று தெரியும்.

ஆனால் லேப் என் கையில் இல்லை. நான் மாதிரி எடுத்து, பையை மூடி, நம்பர் போட்டுக் கொடுப்பதோடு சரி. அமெரிக்காக்காரன் வரியை ஏற்றினதிலிருந்து நாங்கள் ஐரோப்பாவுக்குப் போகிற கன்டெய்னரை நம்பித்தான் இருக்கிறோம். அங்கே சோதனை ரொம்பக் கெடுபிடி. முன்பு ஒரு கன்டெய்னர் திரும்பி வந்து மூன்று வாரம் கம்பெனியை மூடினார்கள். நானூறு பொம்பளைகள் வீட்டில் உட்கார்ந்தோம். எதிரே நாஷ்டா கடை போட்டிருந்த அக்காகூட கடையை எடுத்துவிட்டாள்.

தீவனக் கடையில் கேட்டுப்பார். அவர்களே எதையாவது கலந்திருக்கலாம்.

ஜெனிபர்

---

ஆரம்பாக்கம்
11.9.2025

ஜெனி,

தீவனக் கடையில் கேட்டாயிற்று. அதே மூட்டையைத்தான் வடக்குக் குட்டைக்கும் போட்டோம், அது பாஸ். அப்போது இதற்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

இதற்கு மேல் இறாலைக் குட்டையில் வைத்திருக்க முடியாது. பக்கத்துக் குட்டையில் வெள்ளைப்புள்ளி நோய் கண்டிருக்கிறது. சனிக்கிழமை விடியலில் ஏஜென்ட் லாரி வருகிறது, உள்ளூர் மார்க்கெட்டுக்குப் பாதி விலை. இவர் ஏஜென்டிடமே, "ஊட்டுக்காரி எதையோ போட்டுட்டா சார்" என்று சொல்லிச் சிரிக்கிறார். நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

உனக்கு ஏதாவது தெரிந்தால் சொல்லு. தெரியாவிட்டால் பதில் வேண்டாம்.

சுமலதா

---

கவரைப்பேட்டை
12.9.2025

சுமா,

எனக்குத் தெரியும். திங்கட்கிழமை ரிப்போர்ட்டில் அந்த மருந்தின் பெயரைப் பார்த்ததுமே தெரியும்.

மாதிரி எடுக்க வந்த அன்றைக்கு, வடக்குக் குட்டையை முடித்ததும் உன் வீட்டில் சோறு போட்டாயே, குழம்பு பட்டு என் விரல் எரிந்தது. நான் வாரத்தில் நாலு நாள் இன்னும் உரிப்பு மேஜையில்தான் நிற்கிறேன். ஐஸும் இறால் ஓடும் சேர்ந்து விரலெல்லாம் புண். நீ பார்த்துவிட்டு, "இன்னாடி இது, கையா இது?" என்று திட்டிக்கொண்டே உங்கள் வீட்டில் கண்ணுக்குப் போட்டு மீந்திருந்த களிம்பைத் தடவிவிட்டாய். அதற்கப்புறம் கையுறை போட்டால் வழுக்கியது. கழற்றிவிட்டு வெறும் கையால்தான் தெற்குக் குட்டை இறாலை அள்ளிப் பையில் போட்டேன். அந்தக் களிம்பில் இருப்பதும் இந்த மருந்துதான்.

சொன்னால் மாதிரி எடுக்கும் வேலை போய்விடும், ஆறு நாளும் ஐஸ் மேஜைதான் என்று பயந்தேன். உன்மேல் பழி விழுந்ததைப் படித்த பிறகும் தீவனக் கடையைக் கைகாட்டி எழுதினேன். அதுதான் நான் செய்ததில் கேவலமானது.

இன்று காலை மேனேஜரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். வேறு ஆளை அனுப்பித் திரும்ப மாதிரி எடுப்பார்கள். நாளைக்குப் பிடிக்க வேண்டாம், திங்கள்வரை நிறுத்தி வை. கர்த்தர் பார்த்துக்கொள்வார்.

உன் ஜெனி

---

ஆரம்பாக்கம்
17.9.2025

ஜெனி,

வேன் பழுதாகி மோசஸ் அண்ணன் சனிக்கிழமை சாயங்காலம்தான் உன் கடிதத்தைக் கொடுத்தார். லாரி விடியலிலேயே போய்விட்டது. கவரைப்பேட்டையிலிருந்து மூன்றே ஸ்டேஷன். வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து நீயே ரயிலேறி வந்திருக்கலாம்.

கடிதத்தை இவரிடம் நீட்டினேன். படித்துவிட்டு வெளியே போனார். மறுநாள் ஏஜென்டுக்குப் போன் போட்டு, "என் சம்சாரம் ஒண்ணும் போடல சார், நான்தான் அவசரப்பட்டு வாய விட்டுட்டேன்" என்று என் எதிரிலேயே சொன்னார். அது போதும் எனக்கு.

திங்கட்கிழமை உங்கள் கம்பெனிக்கு வந்திருந்தேன். உனக்குத் தெரியாது, நீ மேஜையில் இருந்தாய். நீ எழுதிக் கொடுத்ததை மேனேஜர் காட்டினார். கையில் களிம்பு இருந்தது என்று மட்டும் எழுதியிருக்கிறாய், தடவினது யார் என்று எழுதவில்லை. நான் சொன்னேன். "களிம்பு தடவினது நான் சார். வேணாம் வேணாம்னு இழுத்த கையப் புடிச்சித் தடவினேன்." அவர், புண் ஆறும்வரை உன்னை ஐஸில் நிற்கவிடாமல் பெட்டி ஒட்டும் பக்கம் மாற்றுவதாகச் சொன்னார். மாதிரி எடுக்கும் வேலை இப்போதைக்குக் கிடையாதாம்.

உனக்காகப் போய்ப் பேசினதால் கோபம் ஆறிவிட்டது என்று நினைக்காதே. இறால் போனதற்கு அழவில்லை. திங்கள் முதல் சனிவரை என் வீட்டுக்குள் நான் திருடி மாதிரி நின்றேன், நான் எதையும் போடவில்லை என்று உனக்கு முதல் நாளே தெரியும். அதுதான் இன்னும் ஆறவில்லை.

இனி நீ எழுத வேண்டாம், வரவும் வேண்டாம். ஆறினதும் நானே ரயிலேறி வருவேன். அதுவரை கையைப் பார்த்துக்கொள்.

சுமா