புள்ளி வைக்காத முகம்

7 ஜூன் 1941, சனி

இன்றும் கிழித்துப் போட்டுவிட்டாள், என் பேத்தி ஞானசெல்வி. பெண் பள்ளிக்கூடத்துப் பின்கொட்டகையில் சனிக்கிழமை தோறும் படவகுப்பு. பதினாறு வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்ப மகன் தைரியநாதன் சம்மதிக்கவில்லை. அதனால் துணைக்கு நான் போய் மூலையில் உட்கார்ந்திருக்கிறேன்.

காலண்டரில் இருக்கிற மாதா படத்தைப் பார்த்து இவள் எழுதினால், பங்குச் சாமியாரே அச்சடித்ததா என்று கேட்கிறார். ஆனால் உயிருள்ளது எதிரே வந்து உட்கார்ந்தால் கை நின்றுவிடுகிறது. ஒரு கோடு, ரப்பர். இன்னொரு கோடு, ரப்பர். காகிதம் தேய்ந்து ஓட்டை விழுந்ததும் கிழிக்கிறாள்.

பிரகதாம்பாள் டீச்சர் மதராசில் படித்து வந்தவர். தசராக் கண்காட்சியில் பிள்ளைகள் எழுதிய படங்களைப் பேர் போட்டு மாட்டப்போகிறாராம். காப்பி அடித்தது கூடாது, ஆளை உட்கார வைத்து எழுதினதுதான். எவள் படம் நன்றாக அமைகிறதோ அவளைச் சின்ன வகுப்புக்கு டிராயிங் சொல்லிக் கொடுக்க வைத்துக்கொள்வாராம்.

அது என் பேத்தியாக இருக்க வேண்டும். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் இரண்டு காகிதம் கிழிப்பாள்.

14 ஜூன்

டீச்சர் எல்லார் ரப்பரையும் வாங்கி மேஜைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். பென்சிலும் கிடையாது. புளியங்குச்சியைச் சட்டியில் மூடி வைத்துச் சுட்ட கரிதான். அதுவும் இடது கையால்.

"இடது கையாலயா டீச்சர்?" என்று ஒருத்தி முகத்தைச் சுளித்தாள்.

"சாப்பிடவா சொன்னேன்? எழுதத்தானே சொன்னேன்."

செல்வி எழுதிய செம்பைப் பார்த்து மற்றதுகள் சிரித்தன. வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். "செம்பு மாதிரியே இல்ல அப்பத்தா."

"தவளை மாதிரி இருந்துச்சு. நல்ல தவளைதான்," என்றேன். அழுகையோடு சிரித்துவிட்டாள். இந்த வகுப்பில் சேர்ந்த பிறகு அவள் கிழிக்காத முதல் படம் அந்தத் தவளை. என் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

28 ஜூன்

கீரை விற்கும் இருளாயியை டீச்சர் கூப்பிட்டு உட்கார வைத்தார். கூடையும் தானுமாக ராணி மாதிரி இருந்தாள். முடிந்ததும் எழுந்து ஒவ்வொரு காகிதமாகப் பார்த்தாள். முகம் மாறிப் போயிற்று.

"என் காலு ரெண்டும் எங்கிட்டு?"

"இன்னிக்கு இடுப்பு வரைக்கும்தாம்மா," என்றார் டீச்சர்.

"இடுப்போட நிறுத்திப்புட்டா நாளைக்கு நான் எதுல நடந்து கீரை விக்கிறது? பாதி ஆளா போட்டு வச்சிருக்கீங்க. நல்லா இருப்பீங்களா நீங்க?"

கூடையைத் தூக்கிக்கொண்டு போயே விட்டாள். சிரிக்கிற விஷயந்தான். ஆனால் கடைவீதி முழுக்கச் சொல்லிவிட்டாள்.

5 ஜூலை

உட்கார ஒருவரும் வரவில்லை. எதிர்வீட்டு உண்ணாமலை எனக்கே புத்தி சொல்கிறாள்: "படம் எழுதுனா ஆயுசு கொறையுமாம். நீங்க என்னத்துக்கு அங்க போயி உக்காந்திருக்கீங்க?"

12 ஜூலை

நான் உட்கார்ந்தேன்.

ஐம்பத்தெட்டு வயசாகிறது, இதற்கு மேல் ஆயுசு குறைந்தால் என்ன. ஆள் இல்லையென்றால் வகுப்பு இல்லை. வகுப்பு இல்லையென்றால் தசராவில் செல்வி பேர் இல்லை. போட்டோ எடுக்கப் போகிற மாதிரி கஞ்சி போட்ட புடவை, மருமகளின் சங்கிலி எல்லாம் போட்டுக்கொண்டு, முழங்காலில் கை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முந்தானையை இடது காதின் மேல் இழுத்துச் செருகிக்கொண்டேன். அது எப்போதும் செய்வதுதான். அறந்தாங்கிச் சந்தையில் திருடன் தண்டட்டியோடு பிடித்து இழுத்து அறுந்த காது. இத்தனை வருஷமாக நான் அதை வெளியே காட்டியதில்லை.

டீச்சர் சுற்றி வந்து பார்த்தார். "என்னங்க, இப்படி வெறைச்சுப் போயிருக்கீங்க, யாராவது அடிச்சுப்புட்டாங்களா? சும்மா இருங்க. வீட்டுல என்ன செய்வீங்களோ அதைச் செய்ங்க."

ஒரு கட்டு முருங்கைக்கீரையைக் கொண்டுவந்து மடியில் போட்டார். உருவிக்கொண்டே இருந்தேன். எழுதுகிறார்கள் என்பதே மறந்துபோயிற்று.

செல்வி என்னை எழுதினாள். பார்த்தேன். காலண்டர் மாதாவுக்கு என் புடவை கட்டிவிட்ட மாதிரி இருந்தது.

26 ஜூலை

இன்று டீச்சர் கண்டுபிடித்துவிட்டார். செல்வி எழுதிய முகத்தில் லேசாக, வரிசையாகக் கரிப்புள்ளிகள்.

"இது என்ன, முகத்துக்குப் புள்ளி வச்சிருக்கே?"

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். "புள்ளி இல்லாம எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல டீச்சர்."

கோலம் போடுகிற மாதிரி முதலில் நெற்றிக்கு, கன்னத்துக்கு, மோவாய்க்கு எல்லாம் புள்ளி. பிறகு அதைச் சுற்றிக் கோடு. ஒரு பக்கம் எப்படியோ மறுபக்கமும் அப்படியே வந்துதான் ஆகும். எல்லோருக்கும் இரண்டு பக்கமும் ஒரே அச்சான முகம். பொங்கலுக்கு நான் போட்ட கோலத்தைப் பார்த்துப் பழகின கைதானே? எனக்குப் பெருமையாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

டீச்சர் சிரிக்கவில்லை. "கோலத்துக்குப் புள்ளி நீ வைக்கலாம். முகத்துக்குக் கடவுளே வச்சு முடிச்சுட்டாரு. அங்க போயித் தேடு," என்று என் பக்கம் கை காட்டினார்.

16 ஆகஸ்ட்

காகிதத்தைப் பார்க்கக் கூடாது, என்னை மட்டும் பார்த்துக்கொண்டே எழுத வேண்டும், கையை எடுக்கவும் கூடாது. இன்று இதுதான் பாடம். கண் இங்கே இருந்தால் புள்ளியை எங்கே வைப்பது? செல்வி தவித்துப் போனாள். மூக்கு காதோரம் போய்விட்டது. வாய் கழுத்தில். கொட்டகையே சிரித்தது.

அவளும் சிரித்தாள். "இன்னொண்ணு எழுதவா டீச்சர்?" என்று கேட்டாள். அவள் வாயால் இன்னொன்று என்று இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

30 ஆகஸ்ட்

வீட்டிலும் கரிதான். அடுப்படிச் சுவரில் அவள் அப்பன் சாப்பிடுகிற படம். தைரியநாதன் திட்டப் போகிறான் என்று பார்த்தேன். தொப்பையைத் தடவிக்கொண்டு, "இவ்வளவுமா இருக்கு?" என்றான்.

6 செப்டம்பர்

எப்படி எழுதுவது இதை.

கீரை உருவிக்கொண்டிருந்தேன். முந்தானை நழுவியதை நான் கவனிக்கவில்லை. செல்வி எழுதி முடித்து, தானே கொண்டுவந்து காட்டினாள். நான்தான் அது. குனிந்த கழுத்து, கீரைக்காம்பைப் பிடித்த விரல், உதட்டை மடித்துக் கடிக்கிற பழக்கம், எல்லாம். வலது காது நீளமாகத் தொங்குகிறது. இடது காது இரண்டாக அறுந்து, வாய் பிளந்து கிடக்கிறது.

டீச்சர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுதான் தசராவுக்கு," என்றார்.

ஊரே வந்து பார்க்குமே. வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்: "ஏ புள்ள, ஒரு முந்தானை மட்டும் போட்டு மூடிரு. ஒரே ஒரு கோடுதானே."

"மாட்டேன் அப்பத்தா."

"அறுந்த காது ஒனக்கு அவ்வளவு அழகா போச்சாக்கும்?"

"அழகுன்னு எழுதல. அங்க இருந்துச்சு, எழுதுனேன். அந்தக் காத எழுதும்போதுதான் கை பயப்படாம போச்சு. அத மூடுனா எனக்கு அந்தப் படமே வேணாம். மாட்டவும் வேணாம்."

நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தேன்.

7 செப்டம்பர், ஞாயிறு

பூசையில் மனசு நிற்கவில்லை. தான் எழுதினதைத் தானே கிழித்த பிள்ளை, அதைக் காப்பாற்ற என்னிடமே சண்டைக்கு நிற்கிறாள். இதற்குத்தானே ஆசைப்பட்டேன்? அந்த ஆசை என் காதையே விலையாகக் கேட்கும் என்று நினைக்கவில்லை.

மதியம் சாப்பாடு போடும்போது, "அப்படியே இருக்கட்டும்," என்றேன். எதைச் சொல்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் ரசம் வாங்கிக்கொண்டாள்.

27 செப்டம்பர்

கண்காட்சி. கூட்டம் சொல்லி முடியாது. வல்லத்திராக்கோட்டையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நம் படம் நடுச்சுவரில் இருக்கிறது. கீழே, த. ஞானசெல்வி.

உண்ணாமலை உறவுக்காரிகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "சாடை எல்லாம் சரி. காதுதான் யாரு காதோ. பிள்ளைக்குக் கை தப்பிப் போச்சு போல."

செல்வி என் பக்கத்தில்தான் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. எனக்காகத்தான் திறக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

என் பேத்திக்கா கை தப்பும்? முந்தானையை எடுத்துத் தோளில் போட்டேன். முகத்தைப் படத்துப் பக்கம் திருப்பி, இடது காதைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"இப்பப் பாத்துச் சொல்லு உண்ணாமலை. எங்க தப்பியிருக்கு?"

அவள் கிட்டே வந்து பார்த்தாள். பின்னால் நின்றவர்களும் வந்து பார்த்தார்கள். சாயங்காலம் வரை அங்கேயே நின்றேன். கால் வலி இப்போதுதான் தெரிகிறது.

11 அக்டோபர், சனி

இன்று முதல் சின்னப் பிள்ளைகளுக்கு டிராயிங் சொல்லிக் கொடுக்கிறவள் செல்வி. காலையில் அவளாகவே புறப்பட்டு வாசலுக்குப் போய்விட்டாள். அவள் அப்பன் தடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். துணைக்கு வரவா என்று கேட்டேன்.

"துணை எதுக்கு அப்பத்தா, நானே போயிருவேன்," என்றவள் திரும்பி நின்றாள். "ஆனா நீ வா. உக்கார ஆள் வேணும். இருளாயி ஆத்தாவும் வாராங்க, இந்தத் தடவ காலுலேருந்து ஆரம்பிக்கணுமாம்."

கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.